அப்பாவின் எண் 44. என் எண்ணைத் தெரிந்துகொள்ளவா, வேண்டாமா?

ஆலங்குளத்தான் | ஞாயிறு, இரவு 11.52

ஏழு வருடமாக இந்தத் தளத்தில் கிரிக்கெட் பகுதியில் மட்டும் வம்பு வளர்த்துக்கொண்டிருந்தவன். உடல்நலப் பகுதிக்கு இன்றுதான் முதல்முறை வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 56 வயது. நாலைந்து வருடமாக விரல்கள் தானாகத் துள்ளுகின்றன. உட்கார்ந்தால் கால் சும்மா இருப்பதில்லை. நடையில் தள்ளாட்டம், எதற்கென்றே தெரியாத கோபம். வேலை பார்த்த இடத்தில் குடித்துவிட்டு வருகிறார் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். மனுஷன் வாழ்நாளில் பீரைக்கூடத் தொட்டதில்லை. ஒரு மருத்துவமனையில் மன அழுத்தம் என்று இரண்டு வருடம் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் "உங்கள் அப்பா அம்மாவில் யாருக்காவது இப்படி இருந்ததா" என்று கேட்டார். ஆச்சிக்கு இருந்தது. சாமி வந்த மாதிரி உடம்பு ஆடும் என்பார்கள். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் வைத்திருந்து கூட்டி வந்தார்களாம். அதற்கு ஹண்டிங்டன் நோய் என்று ஒரு பெயர் இருப்பதும், அது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் மூளை நோய் என்பதும் எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது. மரபணுவைப் பார்க்கும் ரத்தச் சோதனையில் அப்பாவுக்கு சி.ஏ.ஜி. எண்ணிக்கை 44. 40ஐத் தொட்டாலே நோய் நிச்சயமாம்.

எனக்கு 29, தங்கைக்கு 25. ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். ரிப்போர்ட் வாங்கிய இடத்தில் அதைச் சொல்லும்போது அடுத்த நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். அம்மா சொல்வது ஒன்றுதான்: இரண்டு கல்யாணமும் முடியும்வரை இந்தப் பேச்சு வாசற்படி தாண்டக் கூடாது. பெரியப்பாவுக்கு 61 ஆகிறது. அவர் கையும் கொஞ்ச நாளாகச் சரியில்லை. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. ரத்தம் கொடுத்தால் வருமா வராதா என்று தெரிந்துவிடும். வருமென்றால் தடுக்க மருந்து கிடையாது என்பதும் தெரியும். இங்கே யாராவது இந்த இடத்தில் நின்றிருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள்?


கணக்குவாத்தியார் | திங்கள், காலை 6.10

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காசு நீங்கள் பிறப்பதற்கு முன்பே சுண்டி விழுந்துவிட்டது. பூவா தலையா என்பது உள்ளங்கைக்குள் இருக்கிறது. திறந்து பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் விழுந்தது மாறப் போவதில்லை. பார்த்தால் வீடு, கடன், குழந்தை, சேமிப்பு எல்லாவற்றையும் அதற்கேற்பத் திட்டமிடலாம். நானாக இருந்தால் நாளைக்கே ரத்தம் கொடுத்துவிடுவேன்.


கருப்பட்டி காபி | திங்கள், காலை 8.35

டெஸ்ட் அணித் தேர்வு பற்றி நீ சொல்வது எதையும் நான் ஒத்துக்கொண்டதில்லை, இனியும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

வாத்தியார் சாருக்கு ஒன்று. எங்கள் சித்தப்பா வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நாடி பார்க்கப் போனார். பெயர் வந்தது, அப்பா பெயர் வந்தது, தொழில், பிள்ளைகள் எல்லாம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தவர், எட்டாம் காண்டம் படிக்கவா என்றதும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். எட்டில்தான் ஆயுள் வரும். நாடி பொய், சோதனை மெய், அது எனக்கும் தெரியும். நான் சொல்ல வருவது எழுந்து வந்த அந்த மனுஷனைப் பற்றி. ஜேம்ஸ் வாட்சன் என்ன செய்தார்? டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டுபிடித்து நோபல் வாங்கியவர்களில் ஒருவர். 2007இல் அவருடைய மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். ஒரே ஓர் இடத்தை மட்டும் மறைக்கச் சொன்னார்: அல்சைமர் என்ற மறதி நோய்க்கான வாய்ப்பைக் காட்டும் ஏபோ-ஈ மரபணு. அவருக்கே எட்டாம் காண்டம் வேண்டாம்.


முத்துநகர் | திங்கள், காலை 9.20

அப்பாவும் அம்மாவும் சொந்தமா? அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டினால் இந்த மாதிரி வியாதியெல்லாம் வரும் என்பார்கள். நீங்கள் அசலில் கட்டினால் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இருக்காதே?


வேலூர்க் கோட்டை | திங்கள், பகல் 1.15

மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எங்கே என்பது இங்கே வேண்டாம்.

முத்துநகர் கேட்டதை வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். சொந்தத்தில் கட்டினால் கூடுவது இன்னொரு வகை நோய். அதில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் நோய் வரும். ஹண்டிங்டனுக்கு ஒரே பிரதி போதும். ஆலங்குளத்தான் எந்த ஊரில் எந்தக் குடும்பத்தில் கட்டினாலும் கணக்கு மாறாது. அவரிடம் அந்தப் பிரதி இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதி வாய்ப்பு. இல்லையென்றால் அந்தக் கிளையில் கதை அவரோடு முடிந்தது. ஒரு தலைமுறை ஒளிந்திருந்து அடுத்ததில் முளைக்கிற சங்கதியும் இதில் இல்லை.

எண்ணைப் பற்றி. நாலாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 26 வரை கவலையில்லை. 27 முதல் 35 வரை அவருக்கு வராது, ஆனால் அடுத்த தலைமுறையில் எண் நீள வாய்ப்புண்டு. 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 40 அல்லது அதற்கு மேல் என்றால் ஆயுள் இருக்கும்பட்சத்தில் வரும். அப்பா வழியாக வரும்போது எண் கூடுவது அதிகம். எண் பெரிதானால் பொதுவாகச் சீக்கிரம் தொடங்கும், ஆனால் உங்கள் எண்ணை வைத்து எந்த வயதில் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை மக்கள் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுகிறார்கள். 42 என்று வந்தால் 42 வயதில் வரும் என்று காலண்டரில் குறித்துவைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, ஆலங்குளத்தான். உங்களுக்கு இல்லை என்று வந்தால் தங்கைக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. உங்களுக்கு இருக்கிறது என்று வந்தால் அவர் தப்பித்தார் என்றும் இல்லை. அவருக்கு அவருடைய காசு தனியாகச் சுண்டப்பட்டது. ஆனால் பெரியப்பா வீட்டில் விஷயம் வேறு. பெரியப்பா சோதனை செய்யாமல் அவர் மகன் செய்து இருக்கிறது என்று வந்தால், கேட்காமலே பெரியப்பாவின் ரிசல்ட்டும் வந்துவிட்டது.

வாத்தியார் சார், நாளைக்கே ரத்தம் கொடுக்க முடியாது. கொடுக்கவும் விடமாட்டோம்.


கணக்குவாத்தியார் | திங்கள், பகல் 2.40

ஏன் விடமாட்டீர்கள்? என் ரத்தம், என் காசு.


வேலூர்க் கோட்டை | திங்கள், மாலை 7.05

சர்க்கரை பார்க்கிற மாதிரி இல்லை சார் இது. மரபணு 1993இல் அடையாளமானது. அடுத்த வருடமே நோயாளிக் குடும்பங்களின் சர்வதேச அமைப்பும் நரம்பியலாளர்களின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து நெறிமுறை எழுதிவிட்டார்கள். முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். நரம்பியல் பரிசோதனை. யோசிக்க இடைவெளி. பிறகுதான் ரத்தம். ரிசல்ட் நேரில் மட்டும், போனிலோ மெயிலிலோ கிடையாது. கூடவே ஓர் ஆள் வர வேண்டும், அவர் அதே அபாயத்தில் உள்ள அண்ணன் தம்பியாக இல்லாமல் இருந்தால் நல்லது. 18 வயதுக்குக் கீழே, நோய் அறிகுறி இல்லாத பிள்ளைக்குச் செய்வதில்லை. பெண் வீட்டார் கேட்டார்கள், அம்மா அழுதார்கள் என்பதற்காகவும் செய்வதில்லை; சம்பந்தப்பட்டவரே விரும்ப வேண்டும். எந்தக் கட்டத்திலும் விலகலாம். ரிசல்ட் கவர் என் மேசையில் இருக்கும்போது "வேண்டாம் மேடம்" என்று எழுந்து போனவர்கள் உண்டு. அந்தக் கவர் அப்படியே கோப்பில் இருக்கிறது.

நீங்கள் சொன்ன பதிலை உலகமே சொல்லியிருக்கிறது. சோதனை வருவதற்கு முன் 1980களில் இந்தக் குடும்பங்களில் கேட்டபோது பெரும்பாலானோர் கட்டாயம் செய்வோம் என்றார்கள். வந்த பிறகு உண்மையில் செய்துகொண்டவர்கள் நாட்டுக்கு நாடு வித்தியாசப்பட்டாலும் 5 முதல் 20 சதவீதம் வரைதான்.


ராணிப்பேட்டை ராஜி | திங்கள், இரவு 9.30

தம்பி, என் கதை வேறு நோய். ஆனாலும் சொல்கிறேன்.

அம்மா 51 வயதில் சினைப்பைப் புற்றுநோயில் போனார். சின்னம்மாவுக்கு மார்பகத்தில். இந்த இரண்டு புற்றுநோய்க்கும் வாய்ப்பைக் கூட்டும் பிராக்கா-1 மரபணு மாற்றம் இருக்கிறதா என்று என் 37வது வயதில் சோதனை செய்தேன், பாசிட்டிவ். அந்த மாற்றம் உள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்குச் சினைப்பையில் புற்றுநோய் வரும் என்றார்கள். மற்றவர்களுக்கு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகள் பிறந்தாயிற்று, 39இல் சினைப்பை, குழாய் இரண்டையும் எடுத்துவிட்டேன். மார்புக்கு வருடா வருடம் எம்.ஆர்.ஐ. ஒரே ராத்திரியில் மாதவிலக்கு நின்று உடம்பு அடுப்பு மாதிரி எரிந்தது, அதை யாரும் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை. மாமியார் "வராத வியாதிக்கு ஆபரேஷனா" என்று ஊரெல்லாம் கேட்டார். 2013இல் ஏஞ்சலினா ஜோலி இப்படி முன்கூட்டியே மார்பகங்களை எடுத்துக்கொண்ட செய்தியைக் காட்டினேன், "அவள் சினிமாக்காரி" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

எனக்கு வருத்தமில்லை. தெரிந்துகொள்வது எப்போதும் நல்லது என்றுதான் என் கட்சி.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. என் நாத்தனார் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். எச்சில் துப்பி அனுப்பும் டப்பாவில் பிராக்கா இல்லை என்று வந்ததாகச் சந்தோஷப்பட்டாள். அந்த டப்பா விற்கும் 23அண்ட்மீ கம்பெனி 2018இல் அதற்கு அனுமதி வாங்கியபோது பார்த்தது மூன்றே மூன்று மாற்றங்கள், மூன்றும் ஐரோப்பிய வம்சாவளி அஷ்கெனாசி யூதர்களிடம் மிகுதியாக உள்ளவை. ராணிப்பேட்டைக்காரிக்கு அதில் இல்லை என்று வந்து என்ன, வராமல் என்ன?


நாற்பத்தாறு | திங்கள், இரவு 11.15

ராஜி அக்காவின் துணிச்சலுக்கு மரியாதை. ஆனால் அக்கா, உங்களுக்கு எடுத்துப் போட ஓர் உறுப்பு இருந்தது. எங்களுக்கு எடுக்க வேண்டியது மூளை. டெட்ராபெனசின் மாத்திரை கொடுத்தால் ஆட்டம் குறையும். நோய் அதன் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

என் பெயருக்குப் பதில் வயதை வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு ஹண்டிங்டன். அண்ணனுக்கு 35இல் தொடங்கி இப்போது படுக்கையில். நான் சோதனை செய்யவில்லை. 20 வருடமாகச் செய்யவில்லை.

பயந்து ஓடுகிறான் என்று நினைப்பீர்கள். முதல் ஐந்து வருடம் அது உண்மைதான். காபி டம்ளர் கை தவறினால் அன்றைக்கு முழுக்கக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாவியை மறந்து வைத்தால் தொடங்கிவிட்டது என்று தோன்றும். கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டி, எவ்வளவு நேரம் அசையாமல் வைத்திருக்க முடிகிறது என்று எண்ணுவேன். மருத்துவர் அண்ணனுக்குச் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. சோதனை செய்யாமல் இருந்தால் நிம்மதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு ஒரு நாள் தெரிந்தது. எனக்கு வேண்டியது "இல்லை" என்ற பதில் மட்டும்தான். "உண்டு" என்று வந்தால் அடுத்த நாள் காலை எப்படிப் பல் தேய்ப்பேன் என்றுகூட என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இப்படி ஒரு பாதியை மட்டும் கேட்கப் போகிறவன் போகக் கூடாது. அதனால் போகவில்லை. கல்யாணத்துக்கு முன் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். குழந்தை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். அவள் இப்போது பக்கத்தில் தூங்குகிறாள்.

நான்சி வெக்ஸ்லரைப் பற்றிப் படியுங்கள். அவருடைய அம்மா இந்த நோயில் இறந்தார். அவர் வெனிசுவேலாவில் மாரகைபோ ஏரிக்கரைக் கிராமங்களுக்கு வருடா வருடம் போய், பெரிய பெரிய குடும்பங்களின் ரத்தத்தைச் சேகரித்தார். அதை வைத்துத்தான் 1983இல் மரபணு இருக்கும் இடத்தையும் 1993இல் மரபணுவையும் பிடித்தார்கள். சோதனைக்கே வழிபோட்டவர், தான் சோதனை செய்துகொண்டாரா என்பதைச் சொல்லவே இல்லை. 2020இல், 74 வயதில், தனக்கும் நோய் இருக்கிறது என்று சொன்னார். இடைப்பட்ட வருடங்களில் அவர் செய்த வேலையைப் பாருங்கள்.


பாலிசி பாண்டி | செவ்வாய், காலை 7.50

காப்பீட்டு முகவர் என்ற முறையில் ஒரு வார்த்தை. எதைச் செய்வதாக இருந்தாலும் ரத்தம் கொடுக்கும் முன்பே டேர்ம் பாலிசி எடுத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு படிவத்தில் மறைத்தால் பின்னால் கிளைம் விழுந்துவிடும். ஆனால் ஒன்று, சோதனை செய்யாவிட்டாலும் படிவத்தில் பெற்றோர் உடல்நிலை பற்றிக் கேட்பார்கள். அங்கே பொய் எழுதினாலும் அதே கதிதான். மருத்துவக் காப்பீட்டில் நிலைமை கொஞ்சம் மேல். 2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம், மரபணு நோய் என்ற ஒரே காரணத்தால் ஒட்டுமொத்தமாக விலக்குவது பாகுபாடு என்றது. இதய நோய் உள்ள ஒருவரின் வழக்கு அது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சுற்றறிக்கை விட்டது. தனிச் சட்டம் என்று நம்மிடம் இல்லை.


ஸ்காபரோ ராசன் | செவ்வாய், காலை 8.25

இங்கே கனடாவில் 2017இல் அதற்கென்றே சட்டம் வந்தது. காப்பீடோ வேலையோ ஒப்பந்தமோ, எதற்கும் உங்களிடம் மரபணு ரிசல்ட்டைக் கேட்க முடியாது. கியூபெக் அரசு கேள்வி எழுப்பி, 2020இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று சட்டத்தைக் காப்பாற்றியது. பக்கத்து அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுள் காப்பீட்டைத் தொடவே இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது அதுக்கில்லை. நான் சோதனை செய்தவன். யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்குச் "சன்னி" என்றார்கள், இங்கே வந்தபிறகுதான் பெயர் தெரிந்தது. நானும் தமையனும் ஒரே மாதத்தில் சோதனைக்குப் போனோம். எனக்கு சி.ஏ.ஜி. எண் 19 என்று வந்தது. அண்ணனுக்கு 45.

எல்லாரும் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். நான் ஆறு மாதம் வேலைக்கு ஒழுங்காகப் போகவில்லை. அண்ணனின் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறேன். வரப் போகிறது என்றே நினைத்துப் படிப்பைப் பாதியில் விட்டவன், கடனை வாங்கிச் செலவழித்தவன் நான். திடீரென்று இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது என்கிறார்கள், அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணன் என்னைவிட வடிவாகத் தாங்கினார். அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "இல்லை" என்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைத்துப் போக வேண்டாம், தம்பி.


கணக்குவாத்தியார் | செவ்வாய், காலை 10.00

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். எண்களைப் பாருங்கள். 1992இல் வெளியான கனடா ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நல்ல செய்தி கேட்டவர்கள் மட்டுமல்ல, கெட்ட செய்தி கேட்டவர்களும் எதுவும் தெரியாமல் இருந்தவர்களைவிட மனநிலையில் மேலாக இருந்தார்கள். ராசன் சொன்ன அண்ணன் அதற்குச் சாட்சி. போதாததற்கு, போன செப்டம்பரில்தான் நோயை 75 சதவீதம் தடுக்கும் மருந்து வந்துவிட்டதாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள்.


வேலூர்க் கோட்டை | செவ்வாய், பகல் 1.30

1992 ஆய்வு சரி. உலகம் முழுக்க 4,527 பேரைப் பற்றி இன்னொரு கணக்கும் 1999இல் வந்தது. தற்கொலை, அதற்கான முயற்சி, மனநல மருத்துவமனையில் சேர்த்தல் என்று போனவர்கள் 44 பேர். நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. எல்லாரும் பயந்த அளவு இல்லை, உண்மைதான். ஆனால் சார், இந்த ஆய்வுகளில் இருப்பவர்கள் தாங்களாக முன்வந்து, ஆலோசனை பெற்று, பிறகும் விலகாமல் நின்றவர்கள். பெண் வீட்டார் கேட்டதற்காக இழுத்துக்கொண்டு வரப்பட்ட பையன்கள் அல்ல.

வாட்ஸ்அப் மருந்து. 75 சதவீதம் "தடுக்கும்" என்றில்லை. மூளைக்குள் அறுவை செய்து செலுத்தும் மரபணு சிகிச்சை அது. அதிக அளவு பெற்ற 12 பேரில் மூன்று வருடத்தில் நோய் முற்றும் வேகம் அவ்வளவு குறைந்ததாகக் கம்பெனி 2025 செப்டம்பரில் அறிவித்தது. எனக்கும் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் 2021இல் டோமினெர்சென் என்ற மருந்தின் பெரிய சோதனை பாதியில் நின்றபோது நான் பார்த்த முகங்களும் நினைவிருக்கின்றன. 12 பேர் என்பது 12 பேர்தான்.

செய்துகொள்பவர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. எல்லா மரபணுக்களின் முக்கியப் பகுதிகளையும் ஒரேயடியாகப் படிக்கும் எக்ஸோம் சோதனை எடுத்தால் எல்லாம் தெரியும் என்று லேபில் சொல்வார்கள். இந்த மாதிரித் திரும்ப வரும் எழுத்து நீளத்தை அதை நம்பிச் சொல்ல முடியாது. சி.ஏ.ஜி. நீளத்தை அளக்கும் தனிச் சோதனை வேண்டும்.


கொங்குநாடன் | செவ்வாய், மாலை 4.45

ஹண்டிங்டன் மட்டும்தானா? தள்ளாடி நடக்கும் அட்டாக்சியா என்று ஒன்று. அதில் முதல் வகை தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தில் மிக அதிகம் என்று 2005இல் ஆய்வே வந்திருக்கிறது. அதுவும் ஒரு பிரதி போதும் வகைதான். எந்தச் சமூகம் என்றால்


தளக் காவலர் | செவ்வாய், மாலை 4.58

மேலே உள்ள பதிவின் கடைசி வரியை நீக்கியிருக்கிறேன். ஆய்வைப் பற்றிப் பேசலாம், சாதிப் பெயர் போட வேண்டாம். அது ஒரு சில கிராமத்துக் குடும்பங்களின் விஷயம். இங்கே பெயர் வந்தால் நாளைக்கே ஏதாவது ஒரு திருமணத் தகவல் குழுவில் சுற்றும், அந்த ஊர்ப் பெண்களுக்கு வரன் நின்றுபோகும்.


பெயர் வேண்டாம் | செவ்வாய், இரவு 12.20

இந்தக் கணக்கை இதற்காகவே தொடங்கினேன்.

கல்யாணமாகி 19 வருடம் ஆகிறது. பெண் பார்க்க வந்தபோது மாமனார் வரவில்லை. சர்க்கரை, நடக்க முடியாது என்றார்கள். கல்யாணத்தன்று மண்டபத்திலும் இல்லை. ஆசீர்வாதம் வாங்க வீட்டுக்குப் போனபோது தூங்குகிறார் என்றார்கள். அவரைப் பின்கட்டில் ஓர் அறையில் வெளியே தாழ் போட்டு வைத்திருந்தது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. சோற்றுத் தட்டு விழும் சத்தம் கேட்டுப் போய்த் திறந்தேன்.

வீட்டுக்காரருக்கு 38இல் தொடங்கியது. மகனுக்கு 16, மகளுக்கு 13. போன வாரம் பள்ளியில் மரபியல் பாடம் நடத்தியிருக்கிறார்கள். வந்து கேட்கிறாள், "அம்மா, எனக்கும் பாதியா?"

இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ளும் உரிமை, தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை என்று பேசுகிறீர்கள். என் வீட்டுக்காரர் சோதனை செய்யாமல் இருந்தது அவர் உரிமை. அதில் எனக்கு ஒரு சொட்டுக் கோபம் இல்லை. அவரும் பயந்த பிள்ளைதானே. ஆனால் மாமனாரைப் பின்கட்டில் பூட்டியது யாருடைய உரிமை? எனக்கு ரிசல்ட் வேண்டியதில்லை. வீட்டில் இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். தெரிந்தும் இவரையே கட்டியிருப்பேனோ என்னவோ. யோசிக்க எனக்கு ஒரு ராத்திரி கிடைத்திருக்கும்.

ஆலங்குளத்தான், உங்கள் அம்மாவைப் புரிகிறது. எங்கள் மாமியாரும் கெட்டவர் இல்லை.


வேலூர்க் கோட்டை | புதன், காலை 9.10

அம்மா, மகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள்: "பாதி வாய்ப்பு, உனக்குப் பதினெட்டு ஆன பிறகு பார்ப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்யலாம், அதுவரை நான் கேட்க மாட்டேன்." பிள்ளைகள் வீட்டில் கேட்க ஆள் இல்லாதபோது கூகுளிடம் கேட்கிறார்கள். விரும்பினால் மகனோடும் மகளோடும் நாங்கள் பேசுகிறோம், சோதனை இல்லாமல், பேச மட்டும். தனிச்செய்தி அனுப்புங்கள்.

நீங்கள் சொன்ன வேறுபாட்டில் லண்டன் நீதிமன்றமும் முட்டி நின்றது. ஒருவருக்கு ஹண்டிங்டன் என்று தெரிந்தபின், கர்ப்பமாக இருக்கும் மகளிடம் சொல்ல வேண்டாம் என்று மருத்துவர்களைத் தடுத்தார். குழந்தை பிறந்த பிறகு தற்செயலாக மகளுக்குத் தெரிந்தது. சோதனையில் அவருக்கும் பாசிட்டிவ். சொல்லியிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள்மேல் வழக்குப் போட்டார். 2020இல் அவர் தோற்றார். ஆனால் நோயாளியின் ரகசியத்தையும் ஆபத்தில் உள்ள உறவினரின் நலனையும் எடைபோட்டுப் பார்க்கும் கடமை மருத்துவருக்கு உண்டு என்று நீதிபதி சொன்னார்.


கணக்குவாத்தியார் | புதன், காலை 11.45

அம்மா, மன்னியுங்கள். என் வீட்டில் நாற்பது வருடம் முன்பு ஓர் அத்தையை இப்படி வைத்திருந்தோம். நோய் வேறு. தாழ் ஒன்றுதான்.

நானாக இருந்தால் ரத்தம் கொடுப்பேன் என்றேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்கு 71 வயது, பாதி வாய்ப்பு என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.


ஆலங்குளத்தான் | சனி, இரவு 10.30

எல்லாப் பதிவையும் இரண்டு மூன்று முறை படித்தேன். பதில் எழுத முடியவில்லை.

வியாழக்கிழமை தங்கையிடம் பேசினேன். அவள் இழை முழுவதையும் ஏற்கனவே படித்துவிட்டாள், ஆலங்குளத்தான் யாரென்று அவளுக்குத் தெரியாதா என்ன. எனக்குத் தெரிய வேண்டாம் அண்ணா, இப்போதைக்கு வேண்டாம் என்றாள். நான் செய்துகொண்டால் என் முகத்தைப் பார்த்தே உனக்குத் தெரிந்துவிடுமே என்றேன். "உன் முகத்தைப் பார்த்தால் உன்னுடையதுதான் தெரியும். அந்த வேலூர் மேடம் சொன்னதைப் படிக்கவில்லையா?" என்று திட்டினாள்.

இருவரும் சேர்ந்து அம்மாவிடம் சொல்லிவிட்டோம்: சோதனை செய்கிறோமோ இல்லையோ, வரன் என்று யார் வந்தாலும் அப்பாவின் நோயைப் பெயரோடு சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவோம். அப்பாவை உள்ளே உட்கார வைக்க மாட்டோம். அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. நேற்று புரோக்கருக்குப் போன் செய்து, இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான் இப்போதைக்கு.

அப்பாவுக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. குணசீலத்தில் ஆச்சியோடு 48 நாளும் இருந்தது அவர்தானாம். பதினொரு வயது. இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. "ராத்திரியில் விளக்கை வைத்து என் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எதுக்கும்மா பார்க்கிறே என்றால் சொல்ல மாட்டாள்" என்றார். அவர் சொல்லும்போது அவருடைய கை ஆடிக்கொண்டிருந்தது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் அடுத்த மாதம் முதல் சந்திப்புக்குக் கேட்டிருக்கிறேன். பேச மட்டும்தான். ரத்தம் கொடுப்பதா என்று இன்னும் முடிவில்லை. நாற்பத்தாறு அண்ணன் சொன்ன மாதிரி நான் பாதியை மட்டும் கேட்கப் போகிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் முழுவதும் கேட்க முடியும் என்று தோன்றுகிறது. சில நாள் இல்லை.

வேலூர்க் கோட்டை மேடம், என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?


வேலூர்க் கோட்டை | சனி, இரவு 10.55

அப்பாவின் ரிப்போர்ட் நகல், 44 தெளிவாகத் தெரிகிற மாதிரி. ஒரு தாளில் குடும்ப மரம்: ஆச்சியின் கூடப் பிறந்தவர்கள், யாருக்கு எந்த வயதில் தொடங்கியது, எந்த வயதில் இறந்தார்கள். அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள், அவருக்கு நினைவிருக்கும்போதே. தங்கையைத் துணைக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஒரு நண்பர் போதும்.


கருப்பட்டி காபி | சனி, இரவு 11.20

நான் வருகிறேன். நாகர்கோவில்–பெங்களூரு வண்டியில் தேதி சொன்னால் டிக்கெட் போட்டுவிடுவேன், நீ திருநெல்வேலியில் ஏறிக்கொள். கீழ் பெர்த் எனக்கு. வழியில் ஸ்பின்னரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் மதுரையில் இறக்கிவிடுவேன்.